நினைப்புக்குப் பின்னால் 'இங்' வருமா?

ஆங்கிலத்தில் எழுதும்போது என்னை ரொம்ப நாள் தடுக்கி விழவைத்த சொல் எது என்று கேட்டால், வாயில் நுழையாத பெரிய சொல் எதையும் காட்டமாட்டேன். 'திங்க்' என்பேன். பள்ளியில் முதல் ஐம்பது சொற்களுக்குள் வந்துவிடுகிற சொல்தான். ஆனால் அதற்கு அடுத்து என்ன போடுவது? 'டு' போடவா, 'இங்' போடவா, வேறு ஏதாவதா? இந்த இடத்தில் பேனா நிற்கும். நின்றுவிட்டு, தப்பான பக்கம் திரும்பும்.

காரணம் நம் மொழியிலேயே இருக்கிறது. தமிழில் 'நினை' என்பது எதையும் தாங்குகிற சொல். 'வீடு மாறலாம் என்று நினைக்கிறேன்' என்கிறோம். 'வீடு மாற நினைக்கிறேன்' என்கிறோம். 'வீடு மாறுவதைப் பற்றி நினைத்துக்கொண்டே இருக்கிறேன்' என்றும் சொல்கிறோம். மூன்றும் நல்ல தமிழ். மூன்றிலும் ஒரே வினை. இதே நினைப்போடு ஆங்கிலத்துக்குள் போய், நடுவில் இருக்கும் வாக்கியத்தை அப்படியே பெயர்த்தால் 'ஐ திங்க் டு மூவ்' என்று வரும். ஆங்கிலத்தில் அப்படிச் சொல்ல மாட்டார்கள். சரி, 'திங்க்' வேண்டாம், கொஞ்சம் கௌரவமாக 'கன்சிடர்' போடுவோம் என்று 'ஐ கன்சிடர் டு மூவ்' என்று எழுதினால் அதுவும் தப்பு. 'ஐ ஆம் கன்சிடரிங் மூவிங்' என்றுதான் வரவேண்டும். அப்படியானால் 'ஐ ஆம் திங்கிங் மூவிங்' சரியா? அதுவும் இல்லை. நடுவில் ஒரு 'ஆஃப்' வேண்டும்.

தமிழ் ஒரே 'நினை'யிடம் கொடுத்த வேலைகளை ஆங்கிலம் வேறு வேறு ஆட்களுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறது. எந்த ஆள் எந்த வேலைக்கு என்று தெரிந்துவிட்டால், பின்னால் வரும் வடிவம் பெரும்பாலும் தானாக அமையும். அதற்கு முதலில் இந்த 'இங்' என்னவென்று பார்த்துவிடலாம்.

இலக்கணப் புத்தகம் அதை ஜெரண்ட் என்கிறது. நமக்கு அதைவிடப் பழக்கமான பெயர் ஒன்று உண்டு: தொழிற்பெயர். வினையை எடுத்துப் பெயராக்கிவிடுவது. இதில் நாம் பணக்காரர்கள். தல், அல், அம், கை, பு, தி, வி என்று 19 விகுதிகளை இலக்கண நூல்கள் வரிசையாகச் சொல்கின்றன. நடத்தல், ஆடல், ஆட்டம், வருகை, நடப்பு, மறதி, கேள்வி எல்லாம் அப்படிப் பிறந்தவை. 'போவது', 'மாறுவது' என்று 'து' போட்டுச் சொல்வதும் அதே குடும்பம். ஆங்கிலத்தில் எந்த வினைமேலும் தயங்காமல் ஒட்டக்கூடியது 'இங்' ஒன்றுதான். பழைய ஆங்கிலத்தில் 'உங்' என்றும் 'இங்' என்றும் இருந்த பெயர் விகுதி அது. பிறப்பிலேயே பெயர்ச்சொல் ஆக்குகிற விகுதி என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

இந்தப் பெயருக்குள் வினை இன்னும் சாகவில்லை. 'ரீடிங் த லெட்டர் ஸ்லோலி' என்பதைப் பாருங்கள். 'கடிதத்தை மெதுவாக வாசிப்பது.' ஆங்கிலத்திலும் சரி, தமிழிலும் சரி, வாசிப்பது என்ற பெயர் தனக்கு ஒரு செயப்படுபொருளை வைத்துக்கொள்கிறது, 'மெதுவாக' என்ற அடைமொழியையும் வைத்துக்கொள்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் பெயர், உள்ளே எட்டிப்பார்த்தால் வினை. ஜெரண்டைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும்.

இனி 'திங்க்'.

'திங்க்' தன் கையில் வைத்துக்கொள்வது ஒரு முழு வாக்கியத்தை. 'ஷி இஸ் ரைட்' என்பது ஒரு வாக்கியம். அதன் முன்னால் 'ஐ திங்க்' சேர்த்தால் 'ஐ திங்க் தட் ஷி இஸ் ரைட்', அதாவது 'அவள் சொல்வது சரி என்று நினைக்கிறேன்'. நம்முடைய 'என்று' செய்யும் வேலையை அங்கே 'தட்' செய்கிறது. பேச்சில் அந்தத் 'தட்' பெரும்பாலும் விழுந்துவிடும். விழுந்தாலும் அது இருந்த இடம் காலியாக இருக்கும். ஆகவே 'வீடு மாறலாம் என்று நினைக்கிறேன்' என்ற முதல் தமிழ் வாக்கியம் அழகாக 'ஐ திங்க் ஐ வில் மூவ்' என்று போய் உட்கார்ந்துகொள்கிறது. 'பிலீவ்', 'சப்போஸ்', 'கெஸ்', 'டவுட்' எல்லாம் இதே மாதிரி வாக்கியத்தைப் பிடித்துக்கொள்கிற வினைகள். அபிப்பிராயம் சொல்லும் வினைகள் என்று வைத்துக்கொள்ளலாம். அபிப்பிராயம் என்றால் அது சரியாகவோ தப்பாகவோ இருக்க வேண்டும். 'அவள் சொல்வது சரி' என்பது சரியாகவோ தப்பாகவோ இருக்கலாம். 'வீடு மாறுவது' சரியா தப்பா என்று கேட்டால், 'மாறுவதில் என்ன?' என்று திருப்பிக் கேட்போம். அது இன்னும் ஒரு கூற்றே இல்லை, வெறும் செயலின் பெயர். அதனால்தான் 'திங்க்' அதை நேரடியாகத் தொடுவதில்லை.

தொட வேண்டும் என்றால் ஒரு இடுக்கி தேவை. அதுதான் 'ஆஃப்', 'அபவுட்' என்கிற பிரெபொசிஷன்கள். தமிழில் 'மாறுவதைப் பற்றி' என்கிறோமே, அந்தப் 'பற்றி'தான் 'அபவுட்'. பிரெபொசிஷனுக்குப் பின்னால் பெயர்ச்சொல்தான் வரும். வினை வர வேண்டிய கட்டாயம் இருந்தால் அது 'இங்' என்ற சட்டையை மாட்டிக்கொண்டு பெயராகத்தான் வர முடியும். 'ஐ ஆம் திங்கிங் அபவுட் மூவிங்', 'ஐ ஆம் திங்கிங் ஆஃப் மூவிங்.' இந்த விதிக்கு விலக்கு என்று எடுத்துக்காட்ட ஒன்றிரண்டு முரட்டு உதாரணங்கள்தான் கிடைக்கும், ஆரம்பத்தில் அவற்றைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். 'ட்ரீம் ஆஃப் ஃப்ளையிங்', 'வொரி அபவுட் ஃபெயிலிங்', 'பிலீவ் இன் ஹெல்ப்பிங் அதர்ஸ்' எல்லாம் இந்தக் கணக்கில் வந்துவிடும். கடைசி உதாரணத்தில் 'பிலீவ் இன்' என்றால் வெறுமனே நம்புவதல்ல. பிறருக்கு உதவுவது நல்லது என்பதைக் கொள்கையாக வைத்திருப்பது.

'ஆஃப்', 'அபவுட்' இரண்டுக்கும் வித்தியாசம் உண்டா? திட்டம் சொல்லும்போது பெரிதாக இல்லை. ஆனால் 'அபவுட்' என்றால் ஒன்றை எடுத்து இப்படியும் அப்படியும் புரட்டிப் பார்க்கிற வாடை கொஞ்சம் கூடுதல். 'ஆஃப்' என்றால் அந்த எண்ணம் மனதில் எட்டிப்பார்த்தது என்ற அளவுதான். 'ஐ வுட் நெவர் திங்க் ஆஃப் லையிங் டு யூ' என்றால், உன்னிடம் பொய் சொல்லும் எண்ணமே எனக்கு வராது என்று அர்த்தம். அங்கே 'அபவுட்' போட்டால் ஒட்டாது.

இந்த இடத்தில் ஒரு பொய்ச்சாட்சி வந்து குழப்பும். 'ஐ திங்க் ஸ்விம்மிங் இஸ் குட் ஃபார் யூ' என்று எங்கேயோ படித்திருப்பீர்கள். 'திங்க்' பக்கத்திலேயே 'ஸ்விம்மிங்' நிற்கிறது! அப்படியானால் 'திங்க்' ஜெரண்ட் எடுக்கும்தானே? எடுக்காது. அந்த 'ஸ்விம்மிங்', 'திங்க்' வீட்டுப் பிள்ளை இல்லை. அடுத்து வரும் 'இஸ்' வீட்டுப் பிள்ளை. 'ஸ்விம்மிங் இஸ் குட் ஃபார் யூ' என்பது ஒரு முழு வாக்கியம், 'நீச்சல் உனக்கு நல்லது.' அந்த முழு வாக்கியத்தைத்தான் 'திங்க்' பிடித்திருக்கிறது. சந்தேகம் வந்தால் நடுவில் ஒரு 'தட்' செருகிப் பாருங்கள். 'ஐ திங்க் தட் ஸ்விம்மிங் இஸ் குட்.' பொருந்துகிறது. 'ஐ கன்சிடர் தட் மூவிங்' என்று செருகினால் பாதியில் தொங்குகிறது. பக்கத்தில் நிற்பதெல்லாம் உறவு அல்ல என்பதை மாணவர்களுக்கு விளக்க எனக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைத்ததில்லை.

இன்னொரு சின்ன பொய்ச்சாட்சி: 'ஷி சாட் திங்கிங்.' அங்கே 'இங்' வந்திருப்பது 'யோசித்தபடி உட்கார்ந்திருந்தாள்' என்ற பொருளில். அது பெயர் இல்லை, ஜெரண்டும் இல்லை. உருவம் ஒன்று, ஆள் வேறு.

இனி 'கன்சிடர்'. இதற்கு இரண்டு வேலை இருக்கிறது, அதில்தான் குழப்பமே.

ஒரு வேலை, யோசிப்பது. ஒரு செயலை மேசைமேல் எடுத்து வைத்து, செய்யலாமா வேண்டாமா என்று சுற்றிவந்து பார்ப்பது. இந்தப் பொருளில் அது செயலை நேரடியாகப் பெயராகவே எடுத்துக்கொள்ளும், இடுக்கி வேண்டாம். 'கன்சிடர் மூவிங்', 'கன்சிடர் சேஞ்சிங் யுவர் ஜாப்.' செய்யாமல் இருப்பதை யோசித்தால் 'கன்சிடர் நாட் கோயிங்'. 'கன்சிடர் அபவுட்' என்று எழுதாதீர்கள். 'திங்க் அபவுட்' பழக்கத்தில் அந்த 'அபவுட்' ஒட்டிக்கொண்டு வந்துவிடும். என் பழைய கடிதங்களில் அது நிறைய இருக்கிறது.

இன்னொரு வேலை, கருதுவது. 'ஐ கன்சிடர் ஹிம் டு பி ஆனஸ்ட்', அவரை நேர்மையானவர் என்று கருதுகிறேன். 'ஹி இஸ் கன்சிடர்ட் டு பி ஆனஸ்ட்.' இங்கே 'டு' வந்துவிட்டது! இதைப் படித்தவர்கள்தான் 'கன்சிடர் டு மூவ்' என்று எழுதுகிறார்கள் என்று நினைக்கிறேன். ஆனால் இந்த 'டு'வுக்கு முன்னால் ஒரு ஆள் நிற்கிறார். 'அவரை', 'இவளை' என்று யாராவது இருந்து, அவர் எப்படிப்பட்டவர் என்று தீர்ப்பு வந்தால் 'டு பி'. நானே ஒன்றைச் செய்யலாமா என்று யோசித்தால் 'இங்'. இந்த வித்தியாசம் தமிழில் ஏற்கெனவே இரண்டு சொல்லாக இருக்கிறது: கருதுவது வேறு, யோசிப்பது வேறு. எழுதும் முன் எது என்று தமிழில் கேட்டுக்கொண்டால் தப்பு வராது.

ஒரு வினைக்குப் பின் 'இங்' வருமா என்று சோதிக்க நான் ஒரு கைவைத்தியம் வைத்திருக்கிறேன். வினைக்குப் பின்னால் சும்மா ஒரு பெயர்ச்சொல்லைப் போட்டுப் பார்ப்பது. 'த மூவ்', அதாவது 'அந்த வீடு மாற்றம்'. 'கன்சிடர் த மூவ்': நிற்கிறது. 'இமேஜின் த மூவ்': நிற்கிறது. 'ரிமெம்பர் த மூவ்': நிற்கிறது. 'திங்க் த மூவ்': விழுந்துவிட்டது. 'ஹோப் த மூவ்', 'சப்போஸ் த மூவ்' எல்லாம் விழுந்துவிட்டன. ஜெரண்ட் பெயர்ச்சொல்லின் நாற்காலியில் உட்காருவது. நாற்காலியே இல்லாத வீட்டில் அது எங்கே உட்காரும்? ஆனால் இந்த வைத்தியம் ஒரு பக்கம்தான் வேலை செய்யும். பெயர் நிற்கவில்லை என்றால் ஜெரண்டும் நிற்காது, அது உறுதி. பெயர் நின்றுவிட்டது என்பதற்காக ஜெரண்ட் வரும் என்று சொல்லிவிட முடியாது. 'எக்ஸ்பெக்ட் எ லெட்டர்' என்று சொல்லலாம், ஆனால் 'எக்ஸ்பெக்ட் கெட்டிங்' கிடையாது, 'எக்ஸ்பெக்ட் டு கெட்' தான். இதை மறந்துவிட்டு வைத்தியத்தை நம்பினால் நோய் கூடிவிடும்.

'கன்சிடர்' பக்கம் நிற்கும் கூட்டத்தில் முக்கியமானது 'இமேஜின்'. மனக்கண்ணில் படம் ஓட்டுவது. 'ஐ கான்ட் இமேஜின் லிவிங் வித்தவுட் புக்ஸ்', புத்தகங்கள் இல்லாமல் வாழ்வதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. 'கான்டெம்ப்ளேட்' (ஆழ்ந்து யோசிப்பது), 'என்விசேஜ்' (மனதில் காண்பது), 'ரீகால்' (நினைவுகூர்வது) இவையும் இதே கட்சி, கொஞ்சம் உத்தியோக தோரணையோடு. பிரிட்டிஷ் பேச்சில் 'டு யூ ஃபேன்ஸி கோயிங் அவுட்' என்று கேட்பார்கள், வெளியே போகலாமா என்று.

'மைண்ட்' என்பதையும் இங்கேயே சேர்த்துக்கொள்கிறேன், பெயரிலேயே மனம் இருக்கிறதே. 'வுட் யூ மைண்ட் ஓப்பனிங் த விண்டோ?' ஜன்னலைத் திறப்பதில் உங்களுக்கு ஆட்சேபம் உண்டா? இதற்குத் திறக்கச் சம்மதம் என்றால் 'நோ' என்று பதில் சொல்ல வேண்டும். நாம் மரியாதையாக 'எஸ்' என்று தலையாட்டுவோம். கேட்டவர் ஒரு விநாடி விழிப்பார்.

'இமேஜின்' பற்றி இன்னொரு பஞ்சாயத்து இருக்கிறது. படத்தில் வேறொருவர் வந்தால் என்ன செய்வது? 'ஐ கான்ட் இமேஜின் ஹிம் அக்ரீயிங்' என்றா, 'ஹிஸ் அக்ரீயிங்' என்றா? 'அவர் ஒப்புக்கொள்வதை' என்று தமிழில் 'அவர்' எழுவாயாகவே வந்துவிடுகிறது, நமக்குப் பிரச்சினை இல்லை. ஆங்கிலத்தில் ஜெரண்ட் பெயர் என்பதால் முன்னால் 'ஹிஸ்' தான் வர வேண்டும் என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கில இலக்கண ஆசிரியர் ஹென்றி ஃபவுலர் பிடிவாதமாக எழுதினார். டென்மார்க்கைச் சேர்ந்த மொழியியலாளர் ஓட்டோ யெஸ்பர்சன் அதை மறுத்தார். ஆங்கிலத்தில் காலங்காலமாக 'ஹிஸ்' இல்லாமலும் எழுதியிருக்கிறார்கள் என்று உதாரணங்களை அடுக்கினார். இன்று பேச்சில் 'ஹிம்' ஜெயித்துவிட்டது. 'ஹிஸ்' எழுதினால் கொஞ்சம் விறைப்பாகத் தெரியும், தப்பில்லை. தொடக்கநிலையில் இருப்பவர்கள் 'ஹிம்' என்றே எழுதிவிட்டுப் போகலாம்.

எதிர்க்கட்சி 'டு' கட்சி. 'டிசைட்', 'ஹோப்', 'எக்ஸ்பெக்ட்', 'பிளான்', 'இன்டெண்ட்', 'சூஸ்'. 'ஐ டிசைடட் டு மூவ்', 'ஐ ஹோப் டு மூவ்.' தமிழிலும் 'மாற முடிவு செய்தேன்', 'மாறத் திட்டமிட்டேன்' என்று 'செய' என்னும் வாய்பாட்டு எச்சம்தான் வருகிறது. ஆகவே இந்தக் கூட்டம் நமக்கு எளிது.

ஏன் இவற்றுக்கு மட்டும் 'டு'? ஆங்கில 'டு' ஒரு காலத்தில் திசை காட்டும் சொல் மட்டுமே. இன்றும் 'கோ டு ஸ்கூல்' என்பதில் அது நம்முடைய நான்காம் வேற்றுமை 'கு'வைப் போலத்தான் இருக்கிறது, 'பள்ளிக்கு'. வினைக்கு முன்னால் அது வந்து உட்கார்ந்ததும் அந்தத் திசையோடுதான்: 'மாறுவதற்கு', மாறுவதை நோக்கி. முடிவெடுப்பது, திட்டமிடுவது, எதிர்பார்ப்பது எல்லாம் மனம் ஒரு செயலை நோக்கி அடியெடுத்து வைப்பது. 'கன்சிடர்', 'இமேஜின்' இரண்டிலும் அடியெடுப்பு இல்லை. செயல் ஒரு பொருளாக எதிரே இருக்கிறது, மனம் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. அமெரிக்க மொழியியலாளர் டுவைட் போலிஞ்சர் 1968-இல் இதை ஏறக்குறைய இப்படித்தான் பிரித்தார்: 'இங்' என்றால் செயலைப் பொருளாக்கிப் பார்ப்பது, 'டு' என்றால் இனி நடக்கக்கூடியது, ஊகம்.

நல்ல விளக்கம்தான். ஆனால் இதையே சாவி என்று எல்லாப் பூட்டிலும் நுழைக்காதீர்கள். 'எக்ஸ்பெக்ட்', 'ஆன்டிசிபேட்' இரண்டும் எதிர்காலத்தைத்தான் பார்க்கின்றன, இரண்டுக்கும் தமிழில் 'எதிர்பார்' என்றே எழுதிவிடலாம். ஆனால் 'எக்ஸ்பெக்ட் டு ஃபினிஷ்' என்றும் 'ஆன்டிசிபேட் ஃபினிஷிங்' என்றும்தான் வருகிறது. முன்கூட்டியே மனதில் காட்சியாகப் பார்ப்பது 'ஆன்டிசிபேட்', அதனால் 'இங்' என்று சமாதானம் சொல்லலாம். கொஞ்சம் வலிந்து சொல்வதுதான். மொழியில் பாதிக்குக் காரணம் உண்டு, மீதிக்கு வழக்கு என்று பெயர். 'இன்டெண்ட்' இரண்டு பக்கமும் போகும், ஆனால் 'டு' போட்டால் யாரும் குறை சொல்ல முடியாது. 'பிளான்' சும்மா வந்தால் 'டு', 'ஆன்' என்ற பிரெபொசிஷனைச் சேர்த்துக்கொண்டால் 'பிளான் ஆன் மூவிங்'. 'டிசைட் டு மூவ்' என்றால் மாற முடிவு, 'டிசைட் அகெய்ன்ஸ்ட் மூவிங்' என்றால் மாற வேண்டாம் என்று முடிவு. பிரெபொசிஷன் வந்தால் 'இங்' என்ற விதி எவ்வளவு உழைக்கிறது பாருங்கள்.

இந்தக் குணம் பெயர்ச்சொற்களுக்கும் இறங்குகிறது. 'த தாட் ஆஃப் மூவிங்', 'தி ஐடியா ஆஃப் மூவிங்', ஆனால் 'த டிசிஷன் டு மூவ்'. எண்ணம் நின்று பார்க்கிறது, முடிவு நடக்கிறது.

இதுவரை ஒரு வினைக்கு ஒரு வடிவம் என்று ஓட்டிவிட்டோம். இரண்டையும் எடுத்துக்கொண்டு, இரண்டுக்கும் வேறு வேறு பொருள் தருகிற வினைகள் இருக்கின்றன. எனக்குப் பிடித்த பகுதி இதுதான்.

இரவு படுத்தாயிற்று. விளக்கும் அணைத்தாயிற்று. கதவைப் பூட்டினோமா என்ற சந்தேகம் வருகிறது. சாவியைத் திருப்பியது, கைப்பிடியை ஒருமுறை இழுத்துப் பார்த்தது எல்லாம் மனதில் தெரிகிறது என்றால், ஆங்கிலத்தில் 'ஐ ரிமெம்பர் லாக்கிங் த டோர்'. பூட்டியது ஞாபகம் இருக்கிறது. செயல் முதலில் நடந்தது, ஞாபகம் பிறகு வந்தது. மறுநாள் யாரோ 'கதவைப் பூட்டினாயா?' என்று கேட்கிறார்கள். 'ஐ ரிமெம்பர்ட் டு லாக் த டோர்' என்று சொன்னால், மறக்காமல் பூட்டினேன் என்று பொருள். இங்கே ஞாபகம் முதலில் வந்தது, செயல் பிறகு நடந்தது. 'ரிமெம்பர்' ஒன்றுதான், பின்னால் வரும் வடிவம் காலத்தின் வரிசையையே திருப்பிப் போட்டுவிடுகிறது.

'ஃபர்கெட்' அப்படியே. இதில் தமிழும் ஆங்கிலமும் கைகோத்து நடப்பதைப் பாருங்கள். 'பூட்ட மறந்தேன்': பூட்டவில்லை, கதவு திறந்து கிடக்கிறது. 'பூட்டியதை மறந்தேன்': பூட்டிவிட்டேன், பூட்டினேன் என்பதுதான் நினைவில் இல்லை. 'பூட்ட' என்ற எச்சம் 'டு லாக்', 'பூட்டியது' என்ற தொழிற்பெயர் 'லாக்கிங்'. யாரும் சொல்லிக்கொடுக்காமலே இந்த வித்தியாசம் நமக்குத் தெரியும். இரண்டாவதை ஆங்கிலத்தில் வெறுமனே 'ஐ ஃபர்காட் லாக்கிங்' என்று சொல்வது அரிது. 'ஐ ஃபர்காட் தட் ஐ ஹேட் லாக்ட் இட்' என்று நீட்டிவிடுவார்கள். 'இங்' இயல்பாக வருவது 'நெவர்' சேரும்போது: 'ஐ வில் நெவர் ஃபர்கெட் சீயிங் த சீ ஃபார் த ஃபர்ஸ்ட் டைம்', முதன்முதலாகக் கடலைப் பார்த்ததை ஒருநாளும் மறக்க மாட்டேன்.

'ரிக்ரெட்' என்னை நேரடியாகவே கடித்தது. ஒரு வேலைக்கு விண்ணப்பித்தவருக்கு, இடம் இல்லை என்று கடிதம் எழுதும் பொறுப்பு ஒருமுறை என்னிடம் வந்தது. 'வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்' என்பதை நான் 'ஐ ரிக்ரெட் இன்ஃபார்மிங் யூ' என்று எழுதிவிட்டேன். அனுப்புமுன் மேலே இருந்தவர் பார்த்துவிட்டு, 'இன்னும் தெரிவிக்கவே இல்லையே, அதற்குள் தெரிவித்ததற்கு வருத்தமா?' என்று கேட்டார். உண்மைதான். நான் எழுதியதற்குப் பொருள், உங்களிடம் சொன்னது என் தப்பு, சொல்லாமல் இருந்திருக்கலாம் என்பது. கெட்ட செய்தி சொல்லப்போகும்போது 'ஐ ரிக்ரெட் டு இன்ஃபார்ம் யூ'. சொல்லி முடித்துவிட்டு, பிறகு உட்கார்ந்து நொந்துகொள்வதற்குத்தான் 'ஐ ரிக்ரெட் டெல்லிங் ஹர்'.

'ரிக்ரெட்' இன்னொரு விஷயத்தையும் காட்டுகிறது. 'ஐ ரிக்ரெட் மூவிங்' என்றால் வீடு மாறிவிட்டார் என்று தெரிகிறது. 'ஐ டோன்ட் ரிக்ரெட் மூவிங்' என்றாலும் மாறிவிட்டார் என்றுதான் தெரிகிறது. எதிர்மறையாக்கினாலும் உள்ளே இருக்கும் உண்மை அசைவதில்லை. இப்படி உண்மையை அடியில் வைத்துப் பேசும் வினைகளைப் பற்றி மொழியியலாளர்கள் பால் கிபார்ஸ்கி, கேரல் கிபார்ஸ்கி இருவரும் 1970-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். அப்படிப்பட்ட வினைகள் ஜெரண்டைத் தாராளமாக ஏற்கின்றன என்பது அவர்கள் கண்ட விஷயங்களில் ஒன்று. நடந்து முடிந்த செயல், கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய பொருள்தானே. ஆனால் 'ஐ டிட்ன்ட் கன்சிடர் மூவிங்' என்பதில் எந்த வீடும் மாறவில்லை, அங்கும் 'இங்' இருக்கிறது. ஆகவே உண்மை ஒரு காரணம், ஒரே காரணமல்ல.

ஒரு பொறி பாக்கி இருக்கிறது. எல்லா 'டு'வும் ஒரே 'டு' அல்ல. 'ஐ லுக் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ', 'ஐ கேவ் சம் தாட் டு மூவிங்.' இங்கே 'டு' பழையபடி பிரெபொசிஷன்தான். 'லுக் ஃபார்வர்ட் டு த டே', 'கேவ் சம் தாட் டு த மேட்டர்' என்று பெயர்ச்சொல் போட்டால் நிற்கிறது பாருங்கள். 'டிசைடட் டு த மேட்டர்' என்று போட்டால் நிற்காது. நின்றால் 'இங்', நிற்காவிட்டால் வெறும் வினை. அலுவலகக் கடிதங்களின் கடைசி வரியில் அதிகம் அடிபடுவது இந்த 'லுக் ஃபார்வர்ட் டு' என்பது என் அனுமானம்.

அப்புறம், தொடக்கத்தில் தப்பு என்று தள்ளிவைத்த 'திங்க் டு'. அதற்கும் ஒரு மூலையில் இடம் உண்டு. 'ஐ டிட்ன்ட் திங்க் டு ஆஸ்க் ஹர் நேம்.' இது முழுக்க முழுக்கச் சரியான ஆங்கிலம். பொருள், 'அவள் பெயரைக் கேட்கத் தோன்றவில்லை'. பெரும்பாலும் எதிர்மறையிலோ கேள்வியிலோதான் வரும்: 'டிட் யூ திங்க் டு செக் த டேட்?' தேதியைச் சரிபார்க்கத் தோன்றியதா உனக்கு? கவனியுங்கள், இந்த இடத்தில் தமிழிலும் 'நினை' வராது. 'கேட்க நினைக்கவில்லை' என்றால் கேட்கும் உத்தேசம் இல்லை என்றாகிவிடும். கேட்கத் தோன்றவில்லை என்றால் அந்த யோசனையே எட்டவில்லை. 'தோன்று' வருகிற இடத்தில் 'திங்க் டு' வரும். 'நினைக்கிறேன்' வருகிற இடத்தில் 'திங்க்' பின்னால் ஒரு வாக்கியத்தையோ 'ஆஃப்'பையோ தேடுங்கள்.